புத்தகம் இருக்கிற இரும்பு

கல்கிசையில் இரும்புச் சாமான் வைத்திருப்பவருக்கு ஓய்வு கிடையாது. ரயில் பாதைக்கு அப்பால் கடல், இந்தப் பக்கம் ஒழுங்கைகள், மேலே காலி வீதி. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் யன்னல் கம்பி, கேற்றுப் பிணைச்சல், மின்விசிறிக் கூடு என்று உப்புக்காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. இந்த வருடம் சுரண்டிப் பெயின்ட் அடித்த இடத்தில் அடுத்த வருடம் கறள் தலைகாட்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர், மற்றவர்கள் கறள் என்று வீசியதைக் காசு கொடுத்து வாங்கி, தன்னுடைய காரை மழையில் நிறுத்திவிட்டுக் கராஜுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். ஓய்வுபெற்ற பின் இதுவே அவருக்கு முழுநேரத் தொழில், சம்பளம் மட்டும் இல்லை. நான் போனபோது கராஜின் நடுவில் வண்டி என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இருக்கவில்லை. மரப்பெட்டி ஒன்றின் மேல் ஒரு வெறும் சட்டம். சுவரோரம் சில்லுகள் இரண்டு, ரிம் வேறு கம்பி வேறாக. பால்மா ரின்களில் நட்டும் வாசரும். ஒவ்வொரு ரின்னிலும் ஒட்டுத்தாளில் பேனையால் எழுதிய பெயர். “வாங்கோ தம்பி, பார்த்துக் கால் வையுங்கோ. கீழ கிடக்கிறது எல்லாம் சாமான்தான், குப்பை இல்லை” என்றார்.

சாமான், பி.எஸ்.ஏ. பன்டம் டி1. 123 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், மூன்று கியர், நாலரைக் குதிரைவலு. வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டை இடித்து மாடிக்குடியிருப்புக் கட்ட ஆயத்தம் செய்தபோது பின்வளவில் இருந்து வெளியே வந்தது. இரும்புக்காரன் நிறுத்து எடுத்துப்போக இருந்ததை இவர் இடையில் மறித்திருக்கிறார். மறித்ததற்குக் காரணம் வண்டியின் அழகு இல்லை. “நான் முதல் கேட்டது, புத்தகம் இருக்கோ எண்டுதான். இருந்தது. அதுக்குப் பிறகுதான் வண்டியைத் திரும்பிப் பார்த்தனான்.”

புத்தகம் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகம். அது இல்லாத பழைய வண்டி இந்த நாட்டில் அலங்காரப் பொருள்தான்; வீதியில் இறக்க முடியாது. சட்டத்தில் அடித்த இலக்கமும் எஞ்சினில் அடித்த இலக்கமும் புத்தகத்தில் எழுதிய இலக்கங்களோடு பொருந்தவேண்டும். பன்டத்தில் சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தொழிற்சாலையிலேயே வெவ்வேறு. அது தெரியாதவர்கள் எஞ்சினை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பயந்து விலகிப்போவார்களாம். இவருக்கு அந்தப் பயம் லாபமாக முடிந்திருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து கியூஆர் முறை தொடங்கியபோது, சட்டமும் எஞ்சினும் தனித்தனியாகக் கிடந்த இந்த வண்டிக்கும் புத்தகத்தின் தயவில் வாரம் நாலு லீற்றர் பெற்றோல் பங்கு கிடைத்தது என்று சொல்லிச் சிரித்தார். அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இலக்கத் தகட்டைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். ஆங்கில எழுத்து இரண்டு, பின்னால் எண். 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடு வருவதற்கு முந்தைய வரிசை. இலங்கையின் அப்போதைய ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உண்டாக்கியது. அடுத்த வருடம் வடக்கில் அந்த ஸ்ரீயின் மேல் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினார்கள், பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகட்டில் புதுப் பெயின்ட் அடிக்கப்போவதில்லை என்று அவர் சொன்னபோது நான் காரணம் கேட்கவில்லை. வண்டியின் மற்ற எந்தப் பாகத்தைப் பற்றியும் அவர் இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை.

பன்டம் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் 1948இல் இருந்து செய்யப்பட்டது. அங்கே தந்தி கொண்டுபோன பையன்கள் ஓடியது இதைத்தான். ஆனால் பிறப்பு ஜேர்மனியில். டி.கே.டபிள்யூ. கம்பனி 1939இல் கொண்டுவந்த ஆர்டி 125 என்ற வண்டியின் வரைபடங்கள் போருக்குப் பின் நட்டஈடாக வென்றவர்களின் கைக்குப் போயின. பி.எஸ்.ஏ. அதை இடம் வலம் மாற்றி, மில்லிமீற்றரை அங்குலமாக்கித் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. ரஷ்யர்கள் ஒரு பிரதி செய்தார்கள், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் ஒரு பிரதி செய்தது. 1955இல் ஜப்பானில் யமஹா வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளும் இதே குடும்பம். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்துதான் இங்கே பிரிட்டிஷ் வண்டிகள் பின்வளவுக்குத் தள்ளப்பட்டன. தள்ளியதும் தள்ளப்பட்டதும் சொந்தக்காரர்கள். இதைச் சொன்னபோது அவர் பெரிதாக ரசிக்கவில்லை. “ஜப்பான்காரன் ஒயில் ஒழுகாமல் செய்தான். அவ்வளவுதான் விசயம்” என்றார்.

கராஜ் வேலை என்றால் தட்டுவதும் பூசுவதும் என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு ஏமாற்றம்தான். பெரும்பகுதி கழற்றுவது, அதிலும் பெரும்பகுதி காத்திருப்பது. இந்த எஞ்சினில் பிஸ்டன் இறுகியிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே ஏறி இறங்கி மூடித் திறக்கிறது. கடைசியாக நிறுத்திய நாளில் பிஸ்டன் கீழே நின்றுவிட்டால் புகைத் துவாரம் திறந்தே கிடக்கும். சைலன்சர் வழியாக வரும் காற்று நேரே சிலிண்டருக்குள். வெள்ளவத்தைக் கடற்காற்று வருடக்கணக்காக அந்த வழியால் உள்ளே போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றி ரோர்ச் அடித்துக் காட்டினார். உள்ளே செங்கல் நிறம்.

சுத்தியல் எடுக்கவில்லை. புகைத் துவாரத்தை அடைத்துவிட்டு, டீசலையும் எஞ்சின் ஒயிலையும் கலந்து பிளக் துவாரத்தால் ஊற்றி மூடி வைத்தார். சில நாளுக்கு ஒருமுறை மட்டம் இறங்கியிருக்கிறதா என்று ஈர்க்குச்சி விட்டுப் பார்ப்பது, இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது. இறங்குகிறது என்றால் ரிங்கைத் தாண்டி எங்கேயோ வழி தேடுகிறது என்று அர்த்தம். ஊறியது போதும் என்று தோன்றிய பிறகு தலையைக் கழற்றி, சிலிண்டரின் மேல் கொதிநீரை ஊற்றி, வார்ப்பிரும்பு விரிந்த அந்த நேரத்துக்குள் பிஸ்டனின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கொதிநீர். மூன்றாவது கேத்தலில் ஒரு மயிரிழை அசைந்தது. அவருடைய மனைவி குசினியில் இருந்து, “தேத்தண்ணிக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ” என்றார்.

இந்தப் பொறுமை எங்கே படித்தது என்று கேட்டேன். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்போது அவர் அங்கே ஒரு கராஜில் கையாள். ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் சின்ன ஹொண்டாக்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் பற்றாது. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வழியில் நின்றுபோனால் மறுபடி போத்தல். பிளக்கில் கரி படியும், கழற்றிச் சுரண்டவேண்டும். புதுச் சாமான் என்ற பேச்சே கிடையாது. “ஒரு நட்டின்ர மரை போனால் அந்த நட்டுக்கு வேற ஆள் இல்லை. அதனால மரை போகாமல் கழற்றப் பழகினம். கெட்டித்தனம் ஒண்டும் இல்லை, வேற வழி இல்லை.”

இலங்கையில் இந்தத் தொழிலின் வரலாறே ஏறக்குறைய இப்படித்தான் என்று நினைக்கிறேன். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு, தொண்ணூறுகளில் வடக்கில் தடை, டொலர் கையிருப்பைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்துவிட்ட வாகன இறக்குமதி. மேல்நாட்டில் பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்துவது வார இறுதிப் பொழுதுபோக்கு. அதற்குப் படம் போட்ட சஞ்சிகை, தபாலில் வரும் சாமான், எல்லாம் உண்டு. இங்கே அதே வேலையைச் செய்கிற கைகள் பொழுதுபோக்காக அதைப் படித்தவை அல்ல. புல்லட்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்: திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய உற்பத்தி இன்னும் சென்னையில் ஓடிக்கொண்டிருப்பதால் சாமான் கிடைக்கிறது. பன்டத்தை 1971இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே பஞ்சிகாவத்தை. மருதானைக்குப் பக்கத்தில் வாகன உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்தில், இரவு களவுபோன உங்கள் கண்ணாடியைக் காலையில் நீங்களே விலைக்கு வாங்கலாம் என்பது கொழும்பின் பழைய பகிடி. அவரோடு போனேன். அவர் தேடியது வண்டிச் சாமான் அல்ல, ஸ்பானர். இந்த வண்டியின் நட்டுகளுக்கு இன்றைய மில்லிமீற்றர் ஸ்பானர் சேராது. சேர்வதுபோல் தோன்றி மூலையை உருட்டிவிடும். பழைய விட்வர்த் ஸ்பானரில் கால் அங்குலம் என்று எழுதியிருந்தால் அது நட்டின் தலையின் அளவு அல்ல, உள்ளே போகும் போல்ட்டின் அளவு. இது தெரியாத கடைக்காரப் பையன் ஒருவன், தப்பான அளவு அடித்த ஸ்பானர் என்று சொல்லி அரை விலைக்குத் தந்தான். அண்ணை அவனைத் திருத்தவில்லை.

சிலிண்டரைப் பெரிதாக்கக் கொடுத்தது இரத்மலானைப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில். அங்குள்ள சிங்கள பாஸ் அதிகம் பேசமாட்டார். பிஸ்டனைக் கையில் எடுத்து, ஒரு மைக்ரோமீற்றரால் அடியில் ஒரு தடவை, மேலே ஒரு தடவை அளந்தார். அங்குலத்தில் ஆயிரத்துக்கு இருபது கூட்டிய பிஸ்டன், பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. அளந்தபோது இருபது இல்லை, பதினெட்டரை. பெட்டியை நம்பிக் கடைந்திருந்தால் பிஸ்டன் உள்ளே கிலுகிலுத்திருக்கும். நான் பார்த்த எல்லாவற்றிலும் இந்தத் தொழிலின் சாரம் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருந்தது என்பேன். பளபளப்பைப் படம் எடுக்கிறவர்கள் இதைப் படம் எடுப்பதில்லை.

சில்லுக் கம்பி கோத்தவர் தெஹிவளையில் சைக்கிள் திருத்தும் ஒரு நானா. ரிம்மைச் சுழலவிட்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக் காதுகொடுப்பார். இளகிய கம்பி மந்தமாக ஒலிக்கும். கூலி கேட்டபோது வெட்கப்படும் அளவுக்குக் குறைவாகச் சொன்னார்.

சண்டை வந்தது பெயின்ட்டில். பெற்றோல் தாங்கியில் மேலே கறுப்பு, அதற்குக் கீழே யாரோ தூரிகையால் அடித்த நீலம், சின்னத்தைக் கழற்றியபோது அதன் அடியில் நகத்தளவு இடத்தில் பன்டத்தின் ஆதி நிறம், வெளிறிய பச்சை. அந்த நகத்தளவைத்தான் மாதிரியாகக் கொடுத்தார். பெயின்ட் பாஸ் தற்போதைய இரண்டு கலவைப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். கண்ணாடிபோல வரும், கறள் பிடிக்காது. அண்ணைக்குப் பழைய நைட்ரோசெலுலோஸ்தான் வேண்டும். அது ஈரக்காற்றில் காயும்போது மேலே பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும், மழை விட்ட காலம் பார்த்து அடிக்கவேண்டும். அதோடு, தாங்கியின் இடப்பக்கம் முழங்கால் படும் இடத்தில் இருந்த நெளிவை நிரப்பக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பாஸுக்கு அது மானப்பிரச்சினை. நெளிவோடு ஒரு தாங்கி தன் கையால் வெளியே போனால் ஊர் என்ன சொல்லும்? நான் பாஸின் பக்கம். இலக்கத் தகட்டை அப்படியே வைப்பதில் நியாயம் தெரிகிறது. நெளிவு யாரோ விழுந்ததால் வந்தது, அதில் காப்பாற்ற என்ன இருக்கிறது? கடைசியில் நெளிவு தங்கியது, பெயின்ட் பாஸின் விருப்பப்படி போனது. இருவருக்கும் பாதித் திருப்தி.

வண்டி பூட்டி முடிந்த பின் மறுபடி கூப்பிட்டார். பிளக் துவாரத்தால் ஒரு குச்சியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு 5/32 அங்குலம் குறைவாக நிற்கும் இடத்தில் பொயின்ட் திறக்கிறதா என்று சிகரெட் தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்த்தார். தாள் இறுக்கம் விட்டு வழுகிய இடத்தில் இறுக்கினார். தாங்கியில் ஒயில் கலந்த பெற்றோல். உதைத்தார். நாலாவது உதையில் பிடித்தது. தகரப் பேணிக்குள் கல் உருட்டும் சத்தம், கராஜ் முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டு யன்னல் மூடிய சத்தமும் கேட்டது.

ஓடிக்கொண்டே இருந்தது. புகை குறையவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவர் எஞ்சினை நிறுத்தி, கியர் பெட்டி ஒயிலின் மட்டத்தைப் பார்த்தார். இறங்கியிருந்தது. கிராங்கின் கிளச் பக்க சீல் சரியாகப் பிடிக்கவில்லை. எஞ்சின் அந்தப் பக்கத்து ஒயிலை உறிஞ்சி எரிக்கிறது. தபாலில் வந்த புதுச் சீல் அது.

“கழற்ற வேணும்” என்றார். முகத்தில் கவலை இருக்கவில்லை. ஒட்டுத்தாள் எழுதிய ரின்களை மறுபடி இறக்கத் தொடங்கிவிட்டார்.