பாரியோ மலையில் மூண்ட நெருப்பு

சரவாக்கின் மிரி நகரில் சிறிய விமானம் ஒன்றில் ஏறினால், ஒரு மணி நேரத்திற்குள் காடும் மலையும் விலகி, பச்சைப் பாய் விரித்தாற்போல் ஒரு சமவெளி தோன்றும். அதுதான் பாரியோ. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். பேர்பெற்ற பாரியோ அரிசி விளையும் மண். கெலாபிட் மக்களின் தாயகம்.

அவர்களுடைய நீண்ட வீடுகளைப் பார்த்தால் உங்களுக்கு நம் தோட்டத்து லயங்கள் நினைவுக்கு வரும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள். ஒருவர் வீட்டுச் சண்டை அடுத்தவர் காதுக்கு எட்டாமல் போகாது.

இந்த மலையில்தான் 1973 அக்டோபரில் ஓர் ‘எழுப்புதல்’ தொடங்கியது. எழுப்புதல் என்றால் என்ன? புதிதாக மதம் மாறுவதன்று. ஏற்கெனவே நம்பியவர்களின் பக்தி நீறுபூத்த நெருப்பாய்க் கிடந்து, திடீரென்று மீண்டும் மூள்வதையே கிறிஸ்துவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

இது முன்பும் பல இடங்களில் நிகழ்ந்ததுதான். 1860-இல் நம் முன்னோர்களின் திருநெல்வேலிச் சீமையில், அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றி நிகழ்ந்தது. 1904-இல் வேல்ஸ் நாட்டில், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து வளர்ந்த இவான் ராபர்ட்ஸ் என்ற 26 வயது இளைஞரால் பரவியது. அங்கே மதுக்கடைகளில் கூட்டம் குறைந்தது. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் ராபர்ட்ஸின் உடல்நலம் குன்றியது, அலையும் அடங்கியது.

பாரியோவில் தொடங்கி வைத்தவர்கள் பெரிய பிரசங்கிகள் அல்லர். இடைநிலைப் பள்ளி மாணவர்கள்! இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெலாபிட் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்துவர்களாகியிருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பக்தி வெறும் பழக்கமாகிவிட்டது. அப்போது மாணவர்கள் கூடி ஜெபித்தார்கள். அழுகையும் பாவ அறிக்கையும் பெருகின. களவாடிய பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பகைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு பெற்றோரிடமும் மற்றக் கிராமங்களுக்கும், மலைக்கு அப்பால் லுன் பாவாங் மக்கள் வாழும் பாக்கெலாலான் வரைக்கும் அது பரவியது.

லுன் பாவாங் மக்களின் கதை இன்னும் வியப்பானது. ஒரு காலத்தில் அரிசிக் கள்ளில் மூழ்கிக் கிடந்தவர்கள். இந்த இனமே அழிந்துவிடுமோ என்று ராஜா புரூக்கின் ஆட்சியாளர்களே கவலைப்பட்டார்கள். 1930-களில் கிறிஸ்துவத்தைத் தழுவியபின் குடியை விட்டார்கள், இனமும் தழைத்தது. கள்ளுக்கடையும் சம்சுவும் குடும்பங்களைக் குலைத்த கதை தெரிந்த நமக்கு, இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுமா? 2,424 மீட்டர் உயரமுள்ள முருட், சரவாக்கின் மிக உயர்ந்த மலை. அதன் உச்சிக்கருகே இவர்கள் அமைத்த ஜெப முகாமுக்கு இன்றும் மக்கள் காட்டுவழியே ஏறிச் செல்கிறார்கள்.

கண்ணீரும் நடுக்கமும் சில நாளில் அடங்கிவிடும். எந்த எழுப்புதலும் அப்படித்தான். அடங்கியபின் மிஞ்சுவது என்ன என்பதே கேள்வி. இங்கே நீண்ட வீட்டின் பாடம் ஒன்று உண்டு. முன்பின் அறியாத கூட்டத்தில் அழுதுவிட்டுப் போய்விடலாம். ஒரே கூரையின் கீழ் அது செல்லாது. திருடிய பொருள் திரும்பி வந்ததா, பேச்சு நின்ற அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்களா என்று மறுநாள் காலையிலேயே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

அன்றைய மாணவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். பிழைப்பைத் தேடிக் கெலாபிட் மக்களில் பலர் மிரிக்கும் மற்ற நகரங்களுக்கும் இறங்கிவிட்டார்கள். நீண்ட வீடுகளில் முதியவர்களே அதிகம். பிள்ளைகள் பட்டணம் போய்விட்ட நம் லயங்களும் அப்படித்தானே? நகரத்து அடுக்குமாடியில் அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை. அங்கே நம்மைப் பார்த்துத் திருத்த யார் இருக்கிறார்கள்?

நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவராயினும், ஒருமுறை பாரியோ சென்று வாருங்கள். அரிசி வாங்கி வாருங்கள். அத்துடன் இந்தக் கேள்வியையும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.