எர்ர் 01-ம் பெரியப்பாவின் லென்ஸும்

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே. நடுவுல கிடைச்ச ராத்திரி எல்லாத்தையும் ஒரு லென்ஸ் தின்னுடுச்சு. அந்தக் கதைதான் இது. கேமரா பிடிக்காதவங்களும் பாதி வரைக்கும் பொறுமையா வாங்க, அப்புறம் குடும்பக் கதையா மாறிடும்.

பெரியப்பா அம்பாசமுத்திரத்துல ஸ்டுடியோ வெச்சிருந்தார். 2020 ஊரடங்குல மூடினது, அப்புறம் திறக்கவே இல்ல. விளக்கு, குடை, பின்னாடி தொங்கவிடற அருவி சீனரி எல்லாம் ஒண்ணொண்ணா வித்தாச்சு. விக்காம வெச்சிருந்தது ஒரு மரப்பெட்டி. பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு உள்ள ஒரு சின்ன பல்பு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். போன தீபாவளிக்குப் போனப்ப அந்தப் பெட்டியத் திறந்து ஒரு லென்ஸை எடுத்து என் கையில வெச்சார். தொண்ணூறுகள்ல வாங்கின 28-70 எஃப் 2.8. கேனான் மவுண்ட், ஆனா கேனான் லென்ஸ் இல்ல. வெளிக் கம்பெனி. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, வம்பு வேண்டாம் :-)

"ஒரிஜினல் வாங்க அப்ப துட்டு ஏதுல? இதுலதான் ஊர்ல பாதி கல்யாணம் எடுத்தேன்"ன்னார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் அவருக்கு பக்கவாதம் வந்து இடது கை சரியா தூக்க வராமப் போயிருந்தது. லென்ஸைத் தாங்கற கை அதுதானே. அதனால நான் ஒண்ணும் பேசாம வாங்கிக்கிட்டேன்.

என்கிட்ட இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கேனான் 80டி. மாட்டினேன், க்ளிக்னு உக்காந்துச்சு. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினா கரகரன்னு சுத்தி ஃபோகஸ் ஆச்சு. ஆஹா! முழுசா அழுத்தினா ஸ்க்ரீன்ல "எர்ர் 01". கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை, லென்ஸோட காண்டாக்டைத் துடைங்கன்னு ஒரு உபதேசம் வேற. பேட்டரியைக் கழட்டி மாட்டினாத்தான் மறுபடி உயிர் வந்தது.

துடைச்சேன். ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மெல்லிய துணி. (பென்சில் ரப்பரால தேய்க்கச் சொல்ற மகான்கள் உண்டு. அந்தத் துகள் பாடிக்குள்ள விழுந்தா அது தனிக் கதை.) துடைச்சப்புறமும் எர்ர் 01.

பொட்டி தட்டற புத்தி எதுக்கு இருக்கு? எப்ப வருது, எப்ப வரலன்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். எஃப் 4 வெச்சா எர்ரர். எஃப் 8, எர்ரர். எஃப் 2.8 வெச்சா படம் விழுது! பத்துக்குப் பத்து. அங்கதான் விஷயம் பிடிபட்டது. நாம வ்யூஃபைண்டர்ல பாக்கும்போது எஃப் 8 வெச்சிருந்தாலும் அபெர்ச்சர் முழுசாத் திறந்தேதான் இருக்கும். படம் எடுக்கற நொடியிலதான் பாடி லென்ஸுக்கு "மூடு"ன்னு ஆர்டர் போடும். எஃப் 2.8ன்னா மூட வேண்டிய வேலையே இல்ல. ஆர்டரே இல்லைன்னா தப்பாப் புரிஞ்சுக்கவும் வழியில்ல. மவுண்ட் பக்கத்துல டெப்த் ஆஃப் ஃபீல்ட் ப்ரிவியூ பட்டன் ஒண்ணு இருக்கு பாருங்க, அதை அழுத்தினாலும் அபெர்ச்சர் மூடணும். அழுத்தினேன். எர்ரர். படமே எடுக்காம தப்பை வரவழைக்க முடியுதுன்னா பாதிக்கிணறு தாண்டின மாதிரி.

மீதிக் கிணறு கஷ்டம். ஏன்னா குற்றவாளி ரெண்டு பேர்ல யாராவும் இருக்கலாம். ஒண்ணு, அபெர்ச்சருக்குப் போற ஃப்ளெக்ஸ் கேபிள். பேப்பர் மாதிரி மெல்லிசா இருக்கும். ஜூம் பண்ணப் பண்ண மடங்கி மடங்கி ஒரு நாள் அத்துடும். அப்பவும் இதே மாதிரி எஃப் 2.8ல வேலை செய்யும், மத்ததுல செய்யாது. கேபிள்னா ரிப்பேர் பண்ணலாம். ரெண்டாவது ஆள்தான் வில்லங்கம்: பாஷை.

கேனான் 1987ல பழைய எஃப்டி மவுண்டைத் தூக்கிக் கடாசிட்டு இஎஃப் கொண்டு வந்தாங்க. லீவர், ஸ்க்ரூ எதுவும் கிடையாது. ஃபோகஸ், அபெர்ச்சர் எல்லாமே அந்தப் பொன்னிறப் பின்கள் வழியா போற மின்சாரப் பேச்சுதான். அந்தப் பேச்சோட இலக்கணத்தை ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் கொடுக்கல, அது அவங்க இஷ்டம். வெளிக் கம்பெனிக்காரங்க அப்ப கடையில இருந்த பாடியெல்லாம் வாங்கி, அது என்ன கேக்குது, லென்ஸ் என்ன பதில் சொல்லுதுன்னு ஒட்டுக் கேட்டு, அதே மாதிரி பதில் சொல்ற சிப்பை உள்ள வெச்சாங்க. சில லென்ஸுங்க தன் அடையாள எண்ணாக் கேனான் லென்ஸோட நம்பரையே சொல்லும். அதனால எக்ஸிஃப்ல வேற பேர் காட்டும். எனக்கும் காட்டுச்சு, நான் வாங்கவே வக்கில்லாத ஒரு லென்ஸ் பேரு. (பாடியில லென்ஸ் கரெக்‌ஷனை ஆஃப் பண்ணிடுங்க. யாருக்கோ எழுதின மருந்துச் சீட்டு நம்ம படத்துல வேலை பார்க்கும்.)

அப்புறம் புது பாடிகள் வந்தது. அதுங்க அதே விஷயத்தைக் கொஞ்சம் வேற மாதிரி பேசினா, ஒரிஜினல் லென்ஸ் புரிஞ்சுக்கும். ஒட்டுக் கேட்டுப் படிச்சது முழிக்கும். பழைய டிஜிட்டல் பாடிகள்ல இது "எர்ர் 99"ன்னு வரும்.

இதைப் படிச்சப்ப எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்து சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. நான் பாக்கற ப்ராஜெக்ட்ல ஒரு பழைய சிஸ்டத்தோட பேசற கோட் இருக்கு. டாகுமெண்ட் கிடையாது. எழுதினவர் வேலைய விட்டுப் போய் ஏழு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கத்துல ஒரு ஃபீல்டைக் காலியா அனுப்பினா இந்தப் பக்கம் படுத்துடும். யாரையும் திட்ட முடியாது. அந்த மனுஷன் தன் காலத்துல வந்த எல்லாக் கேள்விக்கும் சரியாத்தான் பதில் எழுதி வெச்சிருக்கார்.

நிக்கான் நண்பர்கள் ரொம்ப சிரிக்க வேண்டாம். 1959லேர்ந்து அதே எஃப் மவுண்ட்டுன்னு பெருமை பேசலாம். ஆனா 2006ல வந்த டி40 பாடியில ஃபோகஸ் மோட்டாரே இல்ல. லென்ஸுக்குள்ள மோட்டார் இல்லாத பழசை மாட்டினா கையாலதான் சுத்தணும். இப்போ மிரர்லெஸ் காலம். 2018ல வந்த கேனான் ஆர்எஃப் மவுண்டுக்கு சிக்மாவும் டாம்ரானும் லைசென்ஸோட லென்ஸ் செய்யறாங்கன்னு 2024 ஏப்ரல்ல அறிவிப்பு வந்தது. அதாவது ஒட்டுக் கேக்காம, கேட்டு வாங்கி. நல்ல விஷயம். 1996ல நடந்திருந்தா எனக்கு இந்த ராத்திரியெல்லாம் மிச்சம்.

ஒரு காலத்துல சில கம்பெனிகள் இப்படி மக்கர் பண்ற லென்ஸை வாங்கி சிப் மாத்திக் கொடுத்திருக்காங்க. எதுக்கும் இருக்கட்டும்னு சர்வீஸுக்கு போன் போட்டேன். மாடலைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அமைதி. "சார், இதுக்கு பார்ட் வர்றது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு." ஓகே, நன்றி.

கேபிளா பாஷையான்னு தெரியணும்னா அந்தக் காலத்துப் பாடியில மாட்டிப் பாக்கணும். அந்தப் பாடி அதே மரப்பெட்டியில இருந்தது! கேனான் இஓஎஸ் 5, பிலிம் கேமரா. அதுக்கு 2சிஆர்5ன்னு ஒரு இரட்டைக் குழல் பேட்டரி வேணும். ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனேன்.

பிலிம் கேமராவுல ஒரு சௌகரியம், பின்கதவைத் திறந்து பாக்கலாம். பிலிம் போடாம, பல்ப் மோட்ல, எஃப் 11 வெச்சு, கதவைத் திறந்துபடி ஜன்னலைப் பாத்து அழுத்தினேன். நடுவுல இதழெல்லாம் ஒண்ணு சேர்ந்து மிளகு சைஸ்ல ஒரு ஓட்டை. விட்டா திறந்துக்குது. கேபிள் ஜம்முனு இருக்கு. லென்ஸ் நல்ல லென்ஸ், பாடியும் நல்ல பாடி, ரெண்டும் பேசிக்காது. அவ்வளவுதான்.

பெரியப்பாட்ட காட்டினேன். ஒத்தக் கண்ணை மூடி எட்டிப் பாத்துட்டு, "அது நல்லாத்தாம்ல இருக்கு. நீதான் கெட்டுப் போச்சு கெட்டுப் போச்சுன்ன"ன்னார்.

எங்க ஆளுங்க பங்குனி உத்திரத்துக்கு எங்க இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்ந்துடுவாங்க. பொங்கல் வெச்சு, சாப்பிட்டு, வெயில் தாழறதுக்குள்ள ஆலமரத்தடியில ஒரு க்ரூப் போட்டோ. வருஷா வருஷம் பெரியப்பாதான் எடுப்பார். அதனால எங்க வீட்டு ஆல்பம் எதுலயும் அவர் இல்ல. இந்த வருஷம் நான் எடுக்கணும்னும் இந்த லென்ஸ்லதான்னும் அவரே முடிவு பண்ணிட்டார்.

எஃப் 2.8லயே எடுத்துடலாம்னு பாத்தேன். முந்தின நாள் வீட்டு முற்றத்துல பசங்களை வரிசையா நிக்க வெச்சு ட்ரையல். தனி ஆள் படம் அருமை. ஆச்சி திண்ணையில உக்காந்திருக்கற படம் ஒண்ணு வந்திருக்கு, அதைப் பாத்தா இப்பவும் எனக்கே பொறாமையா இருக்கு. ஆனா 28ல வெச்சு வரிசையா எடுத்தா ஓரமெல்லாம் பால் ஊத்தின மாதிரி. கடைசியில நிக்கற ஆளுக்கு மூக்கு எது வாய் எதுன்னு தெரியல. முழுசாத் திறந்த பழைய லென்ஸ் அப்படித்தான். எஃப் 8க்கு மூடினாத்தான் ஓரம் வெளுக்கும்.

"பெரியப்பா, என் 18-55லயே எடுத்துடுதேன், அதுல ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு சொன்னேன்.

அவர் ஒண்ணும் சொல்லல. "ஓரத்துல நிக்கவன்தாம்ல போட்டோவ மொதல்ல கேப்பான்"ன்னு மட்டும் சொல்லிட்டு, இடது கையை வலது கையால தூக்கி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

விடியக்காலம் ஒரு யோசனை. இந்த இதழை ஓட்டற மோட்டார் கரண்ட் இல்லைன்னா இருக்கற இடத்துலயே நின்னுடும். பழைய பாடியில எஃப் 8க்கு மூட வெச்சு, மூடின நிலையிலேயே லென்ஸைக் கழட்டிட்டா? அப்படியே புது பாடியில மாட்டி, ரெண்டும் பேசிக்காம நடுவுல டேப் ஒட்டிட்டா? கல்லு மாதிரி ஒரு எஃப் 8 லென்ஸ். ஃபோகஸ் கையால.

பல்ப்ல பட்டனைப் பிடிச்சுக்கிட்டே, லென்ஸ் ரிலீஸை அழுத்திக்கிட்டே, லென்ஸைத் திருகணும். எண்ணிப் பாருங்க, மூணு கை வேணும். கேமராவை பெரியப்பா மடியில வெச்சேன். அவரோட வலது கை விரல் ஷட்டர் பட்டன்ல. நான் குனிஞ்சு ஒரு கையால ரிலீஸ், ஒரு கையால லென்ஸ். "அமுக்குங்க பெரியப்பா. விட்டுறாதீங்க." "நாப்பது வருசமா அமுக்குத விரல்லே இது, நீ திருகு." கழண்டு வந்துச்சு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா இதழ் மூடினது மூடினபடி இருக்கு. (டிஜிட்டல் பாடியில இப்படிப் பண்ணாதீங்க. சென்சார் வாயைப் பொளந்துக்கிட்டு தூசிக்குக் காத்திருக்கும்.)

சந்தோஷத்துல டேப் ஒட்ட மறந்து 80டியில மாட்டிட்டேன். பாடி கரண்ட் கொடுத்ததும் இதழ் திறந்துடுச்சு. பெரியப்பா பாத்த பார்வையில என் பி.இ. பட்டம் கருகிடுச்சு. மறுபடி அவர் அமுக்க, நான் திருக, இந்த தடவை மொதல்ல காண்டாக்ட் மேல செல்லோடேப். பாடி அபெர்ச்சர் இடத்துல "00"ன்னு காட்டுச்சு. லென்ஸே இல்லைன்னு நினைச்சுக்கிச்சு போல. எர்ரர் இல்லாம சுட்டுச்சு.

கோயில்ல ட்ரைபாட் போட்டு, லைவ் வ்யூல பத்து மடங்கு பெருசாக்கி ஆச்சி மூக்குத்தியில ஃபோகஸ் வெச்சு, வளையம் நகராம இருக்க அதுக்கும் ஒரு டேப். மூணு வரிசை. கீழ குட்டிப் பசங்க, நடுவுல ஆச்சி. பெரியப்பா வழக்கம் போல ட்ரைபாட் பக்கத்துல வந்து நின்னு, "ஏ, வெள்ளச் சட்ட, கொஞ்சம் உள்ள வா"ன்னு ஆரம்பிச்சுட்டார். நான் பத்து செகண்ட் டைமரைப் போட்டுட்டு அவர் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினேன். ஓரத்துலதான் இடம் கிடைச்சது.

சாப்பிட்டுட்டு படத்தைக் காட்டினப்போ பெரியப்பா பெருசாக்கச் சொல்லி, இடது ஓரத்துலேர்ந்து ஒவ்வொரு மூஞ்சியா நகத்தச் சொன்னார். எல்லாரும் தெளிவா இருந்தாங்க. வலது ஓரத்துக்கு வந்தப்ப தன்னைக் கொஞ்ச நேரம் பாத்தார்.

"கண்ண மூடிட்டேம்லே. இன்னொண்ணு எடுத்திருக்கலாம்லா"ன்னார்.

பி.கு: டேப் பிசுக்கு ஒட்டிக்கும், வேலை முடிஞ்சதும் உரிச்சுட்டு காண்டாக்டைத் துடைச்சுடுங்க. இஓஎஸ் 5ஐ இப்ப பெங்களூருக்குக் கொண்டு வந்துட்டேன், பேட்டரியும் இருக்கு. மூணாவது கைக்கு மட்டும் ஊருக்குப் போகணும்.