ஆமையிடம் கற்ற பாடம்

கணினிக்குக் கட்டளை எழுதும் கலையை இளையோர்க்குக் கற்பிப்போர் இரு வகையினர். விதிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனனம் செய்த பின்னரே விசைப்பலகையைத் தொடவிடுவோர் ஒரு வகை. முதலில் தொடவிட்டு, விதியைப் பிள்ளைகளே கண்டெடுக்கும்வரை காத்திருப்போர் மற்றொரு வகை. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு முதல் வகையினரே நெருங்கிய உறவு. எனினும் என் நெஞ்சம் மற்றவர்பால் சாய்ந்ததற்குக் காரணம் ஓர் ஆமை!

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு சேமூர் பேப்பர்ட், வாலி ஃபியூர்செய்க், சிந்தியா சாலமன் ஆகியோர் சிறார்க்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். பேப்பர்ட், குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றியவர். லோகோவின் கட்டளைக்கேற்பத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் எந்திர ஆமை ஒன்று பின்னர் வந்தது. நாளடைவில் அது திரைக்குள் குடிபுகுந்தது. இன்று பைத்தான் மொழியோடும் அவ்வாமை இணைந்தே வருகிறது.

கோடை விடுமுறையில் என் தங்கை மகன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர்க்கு இவ்வாமையைக் கொண்டு வகுப்பெடுத்தான். நான் ஒரு மூலையில் அமர்ந்து பார்த்தேன். முன்னே செல், வலப்புறம் திரும்பு என்னும் இரு கட்டளைகளைச் சொன்னான். "இனி உங்கள் விருப்பம்" என்று ஒதுங்கிக்கொண்டான்.

மாணவன் ஒருவன் சமபக்க முக்கோணம் வரைய முனைந்தான். அதன் கோணம் 60 பாகை என்பது பாடநூற் செய்தியன்றோ? 100 அலகு முன்னே, 60 பாகை வலப்புறம் என மும்முறை எழுதினான். கோடுகள் கூடவில்லை, கவிழ்த்த கிண்ணம்போல் ஓர் உருவம் நின்றது. பக்கத்து மாணவி, "அழிக்காதே, இன்னும் மூன்று முறை ஓட்டு" என்றாள். அழகிய அறுகோணம் பிறந்தது! அதனைச் சுழற்றிச் சுழற்றி அவள் பூவாக்கிக்கொண்டாள். அவனுக்கோ முக்கோணமே வேண்டும். "நீயே ஆமையாக நடந்து பார்" என்றான் ஆசிரியன். தரையில் நடந்தவன் மூலையில் நின்று திகைத்தான். தான் திரும்புவது உட்கோணமன்று, வெளிக்கோணம். ஒரு சுற்று முடிய மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும். மூன்றால் வகுத்து 120 என எழுதினான். முக்கோணம் கூடிற்று.

"ஒரு முக்கோணத்திற்கு ஒரு மணி நேரமா? பாடம் எப்போது முடியும்?" என்றார் வந்திருந்த பெரியவர் ஒருவர். வினா நியாயமானதே. இம்முறை மெதுவானது, விட்டுவிட்டால் மட்டும் போதுவதுமன்று. அன்று திரையை வெறித்தபடி இருந்த இருவர்க்கு அருகமர்ந்து சிறு சிறு புதிர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. எப்போது பேசாதிருப்பது என அறிதல், விதியை எழுதிப்போடுவதினும் கடினமான ஆசிரியப் பணி என்பது என் துணிபு. பாடத்திட்டத்தின் பெயரால் அந்த ஒரு மணி நேரத்தைப் பறித்தல் தகாது.

மறுநாள் அம்மாணவன் ஓர் அலகு முன்னே, ஒரு பாகை வலப்புறம் என 360 முறை ஓட்டி வட்டம் வரைந்தான். "இது உண்மையில் வட்டமா, 360 பக்க உருவமா?" என்று கேட்டான். என் தங்கை மகன் சுண்ணக்கட்டியை அவன் கையிலேயே கொடுத்தான்.