மீன் எப்படிப் பிழைத்தது?

அக்கா மகனின் கடல்நீர்த் தொட்டியில் முதலில் செத்தது இறால். சட்டை உரிக்கும் நேரத்தில் இறால் சாவது உண்டு என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் நத்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. சங்குக்குள் குடியிருந்த நண்டு வெளியே வந்து விறைத்துப்போனது. கடைசியில் பவளங்கள். விளக்குப் போட்டதும் விரிகிற பட்டன் பவளம் மூடியது மூடியபடியே நின்றது. காளான் பவளம் சுருங்கிக் கரைந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் மட்டும் வழக்கம்போலக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து இரை கேட்டன.

"மாமா, மீனுக்கு ஒண்ணுமே ஆகல. மத்ததெல்லாந்தான் போயிட்டே இருக்கு" என்று போனில் சொன்னான். அவன் குரலே சரியில்லை. சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து பக்குவமாகக் கொண்டுவந்து, ராத்திரி பகலாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்தவை அவை.

"தண்ணியக் கொட்டாத மாப்ள. கேன்ல மிச்சம் இருக்கறதையும் அப்படியே வை" என்றேன். கரிவலம்வந்தநல்லூரில் பிறந்தவர்களுக்குத் தடயத்தின் அருமை தெரிந்திருக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி எங்கள் ஊர்ப் பால்வண்ணநாதர் கோயிலுக்கு வந்தபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகத்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. அவர் 'என் சரித்திர'த்தில் எழுதிய அந்தப் பகுதியை இன்றும் மனம் பதறாமல் என்னால் படிக்க முடிவதில்லை.

தொட்டியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதில் கல் பவளம் கிடையாது. திட்டு கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். மருமகன் வைத்திருந்தவை எலும்புக்கூடு இல்லாத மென்மையான வகைகள். அடியில் கிடந்ததும் செயற்கைக் கல்.

ஊருக்குப் போனதும் எல்லோரும் பார்ப்பதைத்தான் முதலில் பார்த்தோம். அம்மோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. உப்பு அடர்த்தி சரி. வெப்பம் 27 டிகிரி.

மின்வெட்டில் மோட்டார் நின்று மூச்சு முட்டியிருக்குமோ என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் மன்னார் வளைகுடாவில் இருந்தது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறியது. நாக்டிலூக்கா என்கிற நுண்ணுயிர் அளவுகடந்து பெருகியதில் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் சரிந்தது. மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. சிங்கிள் தீவை ஒட்டிய திட்டில் அக்ரோபோரா, மோன்டிபோரா, பொசில்லோபோரா வகைப் பவளங்களும் மடிந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைக் கடலுக்குள் இறங்கிப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். மூச்சு முட்டினால் மீன் தப்பாது. எங்கள் தொட்டியில் மீன் தப்பியிருந்தது.

வெக்கையா? 2010இலும் 2016இலும் அதே வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் பாசி, சூடு தாங்காமல் வெளியேறுவதால் வரும் வெளுப்பு அது. அப்போது மீன் பிழைத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் பவளம் முதலில் நிறம் இழக்க வேண்டும். மருமகனின் பட்டன் பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக நிறம் மாறாமலே வாடிக்கிடந்தன. நத்தைகளும் சூட்டில் சாகவில்லை. வெப்பமானி அந்தக் கோடையில் 28ஐத் தாண்டியதே இல்லை.

அதன்பிறகுதான் விஷம் என்று யோசிக்கத் தொடங்கினோம். அந்த அறையில் ராத்திரி முழுக்கக் கொசு மருந்து மெஷின் எரிகிறது. அதில் உள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற மருந்துகள் பூச்சியினத்துக்கு எமன். இறாலும் நண்டும் பூச்சிக்குச் சொந்தக்காரர்கள். காற்று மோட்டார் அறைக்காற்றை இழுத்து அப்படியே தண்ணீருக்குள் விடுகிறது. கதை பொருந்துகிறது என்றே நினைத்தேன். நத்தைதான் அதைத் தடுத்தது. இந்த வகை மருந்துகளை நத்தையினம் பெருமளவு தாங்கும்; மீன் அவ்வளவு தாங்காது. இங்கே நடந்ததோ நேர்மாறு.

மீனை விட்டுவிட்டு நத்தை, இறால், பவளம் மூன்றையும் ஒருசேரக் கொல்வது எது? பதில் தெருவிலேயே கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எலுமிச்சை போட்டிருப்பவர். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "நத்தை சாவுதுன்னா மயில்துத்தம் பட்டிருக்கும்யா. நாங்க மரத்துல நத்தை ஏறக்கூடாதுன்னு அதத்தான பூசுதோம்" என்றார்.

மயில்துத்தம் என்றால் காப்பர் சல்பேட். தாமிரம்!

கடல்மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கொடுக்கும் மருந்தும் தாமிரம்தான். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை மீன் தாங்கும், ஒட்டுண்ணி சாகும். அந்த மருந்துப் புட்டியிலேயே, முதுகெலும்பில்லாத உயிர்கள் உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்திலேயே தாமிரம் உண்டு. நமக்கு இரும்பு செய்கிற வேலையை அதற்குத் தாமிரம் செய்கிறது. ஆனால் ரத்தத்தில் புரதத்தோடு கட்டுண்டிருக்கும் தாமிரம் வேறு, தண்ணீரில் தனித்து அலையும் தாமிரம் வேறு. தனித்து அலைவது செவுளில் உப்புச் சமநிலையைக் காக்கும் நொதிகளைக் குலைக்கிறது. பவளத்துக்குள் இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கையைக் கெடுக்கிறது. கடலில் இயல்பாக இருக்கும் தாமிரம் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. பவள முட்டைகள் கருவுறுவது சில பத்து மைக்ரோகிராமிலேயே தடைப்படுகிறது.

தாமிரம் எந்த வழியாக வந்தது? தொட்டிக்குள் பித்தளை இல்லை, செம்பு இல்லை. மருமகன் மீனுக்கு மருந்து ஊற்றியதே இல்லை. தோட்டத்து மருந்து கிணற்றில் இறங்கியிருந்தாலும், தொட்டிக்குப் போவது ஆர்.ஓ. தண்ணீர், அதன் சவ்வு தாமிரத்தைப் பெருமளவு தடுத்துவிடும். அந்த இடத்தில் இரண்டு நாள் முட்டி நின்றோம்.

அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தபோது, தண்ணீர் ருசி மாறியிருக்கிறதே என்று சும்மாதான் கேட்டேன்.

"புது மெஷின்லா தம்பி. பழசு ரிப்பேராகிப் போச்சு. இது செம்புச் சத்து சேர்த்துத் தருமாம், ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

மூவரும் அடுக்களைக்குப் போய் மெஷினைத் திறந்து பார்த்தோம். சவ்வுக்கு அடுத்து, குழாய்க்குச் சற்று முன்னால், காப்பர் என்று எழுதிய சின்ன உருளை. தண்ணீரைச் சுத்தம் செய்து முடித்தபின் கடைசியில் தாமிரம் சேர்கிறது. இறால் செத்தது அந்த மெஷின் வந்ததற்குப் பிறகு.

மருமகன் பத்திரப்படுத்திய கேன்தான் அப்போது கைகொடுத்தது. அதில் இருந்தது பழைய மெஷின் தண்ணீர். தாமிரம் பார்க்கும் சொட்டுச் சோதனையை வரவழைத்து மூன்று குப்பியில் பார்த்தோம். பழைய தண்ணீரில் நிறமே இல்லை. தொட்டி நீரில் தெளிவாக நிறம் ஏறியது. புது மெஷின் தண்ணீரில் அதைவிட அடர்த்தி.

குடிப்பவருக்கு இதனால் கெடுதல் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாமிரத்தை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை விடுகிறது. அக்கா இன்றும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறாள். தொட்டியின் கணக்கு வேறு. எங்கள் ஊர் வறண்ட காற்றில், மேலே ஃபேனும் ஓடினால், 250 லிட்டர் தொட்டியிலிருந்து தினம் நாலு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் தாமிரமும் உள்ளேயே தங்கும். ஈடுசெய்ய ஊற்றுகிற தண்ணீரில் லிட்டருக்கு வெறும் 0.05 மில்லிகிராம் என்று வைத்தாலும், மாதம் 120 லிட்டரில் 6 மில்லிகிராம் சேர்கிறது. 250 லிட்டரில் அது லிட்டருக்கு 24 மைக்ரோகிராம். அடுத்த மாதம் இன்னொரு 24. கொஞ்சத்தைக் கல்லும் மணலும் பிடித்துக்கொள்ளும். அதுவும் பின்னால் மெல்லக் கசியும். திடீரென விழுந்தது போலத் தெரிந்த சாவு, நாள்தோறும் நாலு லிட்டராக ஏறிவந்தது.

மணலை முழுக்க மாற்றினோம். தாமிரத்தைப் பிடிக்கும் பிசினைப் பையில் கட்டி நீரோட்டத்தில் வைத்து, தூய நீரில் உப்பைக் கரைத்துத் தொட்டி நீரைப் பகுதி பகுதியாக மாற்றினோம். செத்த பட்டன் பவளத்தைக் கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடவிடவில்லை. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு; அதை வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிட்டு, கிளம்பிய ஆவியை முகர்ந்தே மூச்சுத் திணறி விழுந்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

மிஞ்சிய பட்டன் பவளங்களில் பாதி திரும்ப விரிந்தன. சொட்டுச் சோதனையில் நிறம் முற்றிலும் போனபிறகுதான் மருமகன் ஒரே ஒரு நத்தையை விட்டுப் பார்த்தான். அது கண்ணாடியில் ஏறி மேய்கிறது. இறாலுக்கு இன்னும் அவசரப்படவில்லை.

கடல்நீர்த் தொட்டியோ நன்னீர் இறால் தொட்டியோ வைத்திருப்பவர்கள் இன்றே உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். காப்பர் என்று போட்டிருந்தால், அந்த உருளைக்கு முன்பே தொட்டிக்குத் தனிக்குழாய் பிரித்துத் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். சின்ன வேலைதான், செய்து தருவார்கள்.