பட்டு ஊரில் ஒரு ‘ஹாட்’ லேப்டாப்!

ஒரு பக்கம் 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட வந்தவாசி. மறுபக்கம் பட்டுக்குப் பேர் போன ஆரணி. நடுவில் பெரணமல்லூர்! திருவண்ணாமலை மாவட்டத்தின் சின்னப் பேரூராட்சிதான். ஆனால், 2006 தேர்தல் வரை தன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி வைத்திருந்த ஊர்.

இங்கே நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால், முதலில் காதில் விழுவது தறிச் சத்தம். தறிக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். அதுதான் ஜக்கார்டு. பிரான்ஸில் 1804-ல் வந்த ஐடியா. எந்த இழை மேலே வரணும், எது கீழே இருக்கணும் என்று துளைதான் உத்தரவு போடும். அதே அட்டையைத்தான் 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு மெஷினுக்கு யோசித்தார். ஆக, நம்ம லேப்டாப்புக்கு இந்தத் தறி தாத்தா முறை!

அந்தத் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே பேரன் மயங்கி விழுந்ததைப் பார்த்தேன். கடைசி வருஷ இன்ஜினீயரிங் படிக்கிற பையன். புராஜெக்ட் சாஃப்ட்வேரை ஓட்டுகிறான். கால் மணி நேரம்... பொசுக்! திரை இருட்டு.

“இன்னாப்பா, திரும்பவும் அணைஞ்சிடுச்சா?” என்கிறார் தறிக் குழியில் இருந்த அப்பா.

“ஆமாப்பா. கடைல மதர்போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்கன்றாங்க.”

அப்பா பதில் சொல்லவில்லை. மிதியை மட்டும் மிதித்தார். புது லேப்டாப் என்றால் அந்த வீட்டுக்கு எத்தனை சேலைக் கூலி என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஹார்டுவேர் தெரிந்த நண்பன் ஒருத்தன் வந்தான். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் கேள்விதான் கேட்டான்.

“நோட்ஸ் டைப் பண்ணா அணையுதா?”

“இல்லடா.”

“சார்ஜரை உருவினா?”

“அப்பவும் இல்ல.”

சார்ஜரை உருவியதும் அணைந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். பெரிய வேலை கொடுத்தால் மட்டும் அணைகிறது என்றால், முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். காற்று வெளியே வரும் ஓட்டையில் கை வைத்தான். ஃபேன் ‘ஙொய்’ என்று கத்துகிறது; காற்று மட்டும் வரவில்லை. அடைப்பு!

ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிப்பக்கம் கழற்றினால்... ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம். ராட்டையில் தார் சுற்றும்போது பறக்கிற நூல் பிசிறும் தெருப் புழுதியும் சேர்ந்து செய்த வேலை. ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தார்கள். பிராசஸர் மேல் காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதுசு தடவினார்கள். அன்று சாயங்காலம் புராஜெக்ட் முழுசாக ஓடியது.

ஒன்று புரிஞ்சுக்கோங்க ஃப்ரெண்ட்ஸ். சூட்டில் அணையும் லேப்டாப் செத்துப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சூடு ஏறினால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு ஆபத்தான எல்லையைத் தாண்டினால், பட்டென்று கரண்டை வெட்டிவிடும். பெரும்பாலான லேப்டாப்கள் 35 டிகிரி வரையிலான அறைச் சூட்டுக்காகச் செய்யப்பட்டவை. ஆரணி, வேலூர் பக்கம் கத்திரி வெயிலில் 40 டிகிரி சர்வ சாதாரணம். அதற்கு மேல் பஞ்சு மெத்தையில் வைத்து, அடிப்பக்க ஓட்டையையும் மூடினால் பாவம் அது என்ன செய்யும்?

இதற்கு வழி அந்தத் தெருவிலேயே இருக்கிறது. வெயில் ஏறினால் இழை காய்ந்து அறுந்துவிடும் என்று விடியற்காலையிலேயே தெருவில் பாவு போட்டு முடிப்பார்கள் நெசவாளர்கள். தரைக்குள் இறங்கிய குழித்தறியில் ஈரமும் குளிர்ச்சியும் தங்கும். சூட்டோடு மல்லுக்கு நிற்காமல், நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்வது அவர்கள் வழி.

நீங்களும் அப்படியே செய்யலாம். பெரிய சாஃப்ட்வேரை விடியற்காலையில் ஓட்டுங்கள். லேப்டாப்பை மேஜை அல்லது பலகை மேல் வையுங்கள். பின்பக்கம் இரண்டு புத்தகம் கொடுத்துத் தூக்கினால் அடியில் காற்று போகும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, தேவையில்லாமல் பிராசஸரைத் தின்னும் புரோகிராமை மூடுங்கள். வருஷம் ஒரு முறை தூசி எடுங்கள். வாரன்டி இருந்தால் நீங்களே கழற்றாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். அது பேட்டரி, தீப்பிடிக்கலாம். உடனே ஆஃப் செய்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் அணைந்தால், அப்போது பேசலாம் மதர்போர்டைப் பற்றி. அதற்கு முன்னால் யாராவது ‘புதுசு வாங்கிடுங்க’ என்றால், “முதல்ல தூசி எடுத்துப் பாருங்கண்ணா” என்று சொல்லுங்கள்!