கவுண்டருக்குப் பின்னால் ஒரு அலுமாரி

ஷின்சான் முதன்முதலில் வந்தது பெரியவர்கள் வாசிக்கிற வார இதழில் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். 1990இல் யொஷிதோ உசுயி அதை வரையத் தொடங்கிய 'மங்கா ஆக்‌ஷன்' சின்னப் பிள்ளைகளுக்கான இதழே இல்லை. பிறகுதான் அது கார்ட்டூன் ஆனது, இந்தியாவுக்கு வந்தது, தமிழ் பேசியது. பெற்றோர் முறைப்பாடு செய்ததால் 2008இல் இந்திய அரசு நிறுத்தியது. அடுத்த வருசம் கொஞ்சம் வெட்டிக்கொத்தித் திரும்பவும் விட்டார்கள். நாங்கள் எல்லாம் சோற்றுத் தட்டோடு இருந்து பார்த்தது அந்தப் பொடியனைத்தான்.

கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு. இந்த ஒரு எண்ணம்தான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

கண்டிப் பக்கத்தில் ஒரு லைப்ரரி. பெயர் வேண்டாம், அங்கே வேலை செய்கிறவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. யாரோ ஒருவர் வெளிநாடு போகும்போது ஒரு பெட்டி நிறைய ஆங்கில மங்கா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். படம் இருக்கிறது, அதனால் நேரே சிறுவர் பகுதிக்குப் போய்விட்டது. அம்பிட்டியவிலிருந்து பஸ் ஏறி சனிக்கிழமைகளில் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போவேன். அவளுக்கு 12 வயது. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் அழுவாள், ஆனால் 'நருட்டோ' மூன்று பாகத்தை ஒரே மூச்சில் வாசித்தாள். பிறகு ஒருநாள் ஒரு அப்பா வேறொரு புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அந்தத் தட்டே காலி. எல்லாம் கவுண்டருக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரிக்குள்ளே, பூட்டு வேறு.

"லமய்ன்ட ஹொந்த நே துவே" என்றார் அங்கே இருந்த மிஸ். பிள்ளைகளுக்கு நல்லதில்லையாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போக்கிமோனும் தெரிந்தது.

அந்த அப்பா மேல் பிழை சொல்ல மாட்டேன். அவர் திறந்தது 'பெர்செர்க்'. அதை ஆங்கிலத்தில் போடுகிற பதிப்பகமே 18 வயதுக்கு மேல் என்று அட்டையில் போட்டு, பொலித்தீன் சுற்றித்தான் விற்கிறது. நானும் அதை 12 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அதே காரணத்துக்காகப் போக்கிமோனைப் பூட்டுவது என்ன கணக்கு?

லைப்ரரி முறையிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டூயி பகுப்பில் சித்திரக்கதைக்கு 741.5 என்ற எண். அந்த எண் வயது சொல்லாது. ஜப்பானியர்கள் சொல்கிற 'ஷோனென்', 'செய்னென்' என்ற பிரிவுகளும் வயதுச் சான்றிதழ் இல்லை, எந்த வாசகருக்கு இதழை விற்பது என்கிற வியாபாரப் பிரிவு. மனிதரை மனிதர் மாதிரி ஒன்று பிடித்துத் தின்கிற 'அட்டாக் ஒன் டைட்டன்' வந்ததும் ஷோனென் இதழில்தான். வயது பார்க்க வேண்டுமானால் 'விஸ்' பதிப்பகப் புத்தகங்களின் பின்னட்டையைப் பார்க்கலாம். எல்லா வயதினருக்கும், பதின்வயதினருக்கு, கொஞ்சம் மூத்த பதின்வயதினருக்கு, பெரியவர்களுக்கு என்று நான்கு படி. 'நருட்டோ' இரண்டாவது படி, 'டெத் நோட்' மூன்றாவது. சின்னதாக அச்சடித்திருக்கும். மங்கா வலமிருந்து இடம் போவதால் எது முன்னட்டை எது பின்னட்டை என்பதே புதிதாகப் பார்க்கிறவருக்குக் குழப்பம், அது வேறு கதை.

மங்காவைப் பூட்டி வைப்பது ஜப்பானிலேயே நடந்திருக்கிறது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கெய்ஜி நகசாவாவுக்கு 6 வயது. அப்பா, அக்கா, தம்பி மூவரையும் இழந்தார். வளர்ந்தபிறகு அதை 'வெறுங்கால் கென்' என்று வரைந்தார். 1973இல் அது தொடங்கியது 'ஷோனென் ஜம்ப்' என்ற பொடியன்களின் இதழில். பிறகு பள்ளிக்கூட லைப்ரரிகளில் பிள்ளைகள் வாசிக்கிற மங்கா என்றால் அதுதான் என்கிற அளவுக்குப் பரவியது. 2012இல் மட்சுயே என்ற நகரத்தில், அது வரலாற்றைப் பிழையாகக் காட்டுகிறது, லைப்ரரிகளிலிருந்து எடுங்கள் என்று ஒருவர் மனுக் கொடுத்தார். நகரசபை ஏற்கவில்லை. ஆனால் டிசம்பரில் கல்விச் சபை அலுவலகம் தானாகவே பள்ளிக்கூடங்களுக்குச் சொன்னது: ஜப்பானியச் சிப்பாய்கள் ஆசிய நாடுகளில் செய்த கொடுமைகளை வரைந்த படங்கள் மிக மோசம், உள்ளே எடுத்து வையுங்கள். அதே மாதம் நகசாவா இறந்துபோனார். 2013 ஓகஸ்டில் விசயம் வெளியே வந்து பெரிய சண்டையாகி, 26ஆம் தேதி கட்டளையைத் திருப்பி எடுத்தார்கள்.

வரலாறு பிழை என்று தொடங்கியது, கடைசியில் பிள்ளைகளின் வயதில் வந்து நின்றது. இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆனாலும் அவர்கள் காட்டிய படங்கள் பொய் இல்லை. அவை பிற்பகுதியில் வருகின்றன. அந்தப் பகுதி வந்தது சிறுவர் இதழில் இல்லை, ஆசிரியர் சங்க இதழ் போன்றவற்றில். முதல் பாகமும் பத்தாம் பாகமும் ஒரே வாசகருக்கு எழுதியவை இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் வாசித்த ஒருவர்தான் அதைச் சொல்ல முடியும்.

கெம்பஸில் என்னோடு படிக்கிற ஒருத்திக்கு அந்த முதல் பாகத்தைக் கொடுத்தேன். வன்னிப் பிள்ளை. 2009இல் அவளுக்கும் 6 வயது. இரண்டு நாள் கழித்துத் தந்துவிட்டு, "இதுக்கு எத்தின வயசு எண்டு போடுறது?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் தம்பிக்குக் கொடுக்கலாம், ஆனால் தான் பக்கத்தில் இருந்தால்தான் என்றாள்.

'டீமன் ஸ்லேயர்' ரயில் படத்துக்கு ஜப்பானில் கொடுத்த தரம் பிஜி 12. பன்னிரண்டுக்குக் கீழே இருந்தாலும் பார்க்கலாம், பெரியவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எங்கள் ஊரில் அந்தப் பெரியவருக்குப் படம் யார், கதை என்ன என்றே தெரியாது. தங்கச்சி இப்போது அம்மாவின் போனில் வாசிக்கிறாள். திருட்டுத் தளங்கள், பக்கத்துக்குப் பக்கம் சூதாட்ட விளம்பரம், சிலதில் அதைவிட அசிங்கம். அங்கே வயது கேட்கிறவர் யாரும் இல்லை. லைப்ரரியிலாவது ஒரு மிஸ் இருந்தார்.

ஆகவே நாங்கள் மூன்று பேர் போய்க் கேட்டோம். அலுமாரியில் இருக்கிறதெல்லாம் நாங்கள் வாசித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சீட்டு எழுதித் தருகிறோம், பிறகு எது எந்தத் தட்டு என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றோம். மிஸ் சிரித்தார். "கிழமைக்கு அஞ்சு புத்தகம்தான்" என்றார். மொத்தம் 34.

வாசிக்க வாசிக்கத்தான் தெரிகிறது, புரட்டிப் பார்த்து முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்று. 'நருட்டோ'வில் இரத்தம் உடனே கண்ணில் படும், நிர்வாணப் பகிடியும் படும். 'எ சைலன்ட் வாய்ஸ்' ஏழு பாகத்தையும் புரட்டினால் பள்ளிக்கூடச் சீருடையும் பாலமும் மீன்களும்தான். உள்ளே காது கேளாத ஒரு பிள்ளையை வகுப்பே சேர்ந்து வதைக்கிறது, தற்கொலை முயற்சியும் வருகிறது. எந்த அப்பாவும் அதைப் பார்த்து முறைப்பாடு செய்திருக்க மாட்டார். ஆனால் தனியாக ஒரு மூலையில் இருந்து வாசிக்கிற பிள்ளைக்கு 'நருட்டோ'வைவிட இதுதான் கனம். அதே நேரம், வகுப்பில் வதைபடுகிற ஒரு பிள்ளைக்கு இந்தப் புத்தகம் கையில் கிடைக்காமலே போவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில் மூன்று பேருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. ஒருத்தி 15 என்கிறாள், நான் 13 என்கிறேன், உள்ளே இருப்பதை அப்படியே ஒரு வரியில் எழுதவேண்டும் என்பதில் மட்டும் சண்டை இல்லை. சீட்டு சிங்களத்திலும் வேண்டும், எங்கள் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும்தான் காணும். கண்டிப் பக்கம் இருந்து, மங்காவும் வாசிக்கிற, சிங்களமும் எழுதுகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்னும் 19 பாகம் இருக்கிறது.