ஜோடி மாறும் கலப்பு இரட்டையர்

பாட்மிண்டன் கலப்பு இரட்டையரில் சுற்றுக்குச் சுற்று ஜோடியை மாற்றினால், கெட்டிக்கார ஜோடி ஒன்றே எல்லா ஆட்டத்தையும் தட்டிச் செல்லாது. 4 ஆண்கள், 4 பெண்கள், 2 ஆடுகளங்கள் போதும்.

இரு தரப்புக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒரே எண்காரர்கள் ஜோடி. அடுத்த சுற்றில் 1-ஆம் ஆணுடன் 2-ஆம் பெண், 4-ஆம் ஆணுடன் 1-ஆம் பெண் என ஓரிடம் நகரும். 4 சுற்றுகளில், 8 ஆட்டங்களில், எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களுடனும் ஒருமுறை சேர்ந்து ஆடிவிடுவர். தம்பதிகளுக்கு ஒரே எண் கொடுத்து முதல் சுற்றைத் தவிர்த்தால், கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நிற்க நேராது.

புள்ளிகள் ஆளுக்கு ஆள் தனிக்கணக்கு. ஆட்டம் 21-15 என முடிந்தால் வென்ற இருவருக்கும் தலா 21, தோற்றவர்களுக்குத் தலா 15. கடைசியில் கூட்டுத்தொகை அதிகமுள்ள ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வெற்றியாளர்கள்.

எதிராளிகளும் மாறும்படி அட்டவணையை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.